உத்தரவுப்படி

ஜமீன்தார் சிங்காரவேலர் ஆற்றை மறித்து இரண்டு ஆள் உயரத்துக்கு அணை கட்டினாலும் கட்டினார், கடலிலிருந்து ஏறிவரும் உல்லம் மீன் அரண்மனைத் துறைப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. உல்லம் குழம்புக்கு நாக்கு ஊறிப்போனவர், மீன்காரி செம்பாயியை வரவழைத்தார்.

"என் உத்தரவுப்படி ஆடி முடியறதுக்குள்ள உல்லம் இங்கே வரணும். இல்லேன்னா உன் படகைப் பிடுங்கிடுவேன்!"

"உங்க உத்தரவு மீனுக்குத் தெரியாதுங்களே. நீங்களே வந்து சொல்லிடுங்க" என்றாள் செம்பாயி.

படகில் ஏற்றி அணைக்குக் கீழே கொண்டுபோனாள். அங்கே உல்லம் கூட்டங்கூட்டமாகச் சுவரை முட்டிக்கொண்டிருந்தது. ஜமீன்தார் தொண்டையைச் செருமி உத்தரவை முழங்கினார்.

"ரொம்ப நல்லதுங்க. அரண்மனை இதோ மேலேதானே? இப்படியே ஏறிப் போயிடுங்க."

பாசி வழுக்கும் சுவரை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்: "இதுல எப்படி ஏறுறது? படி எங்கேடி?"

"மீனும் அதைத்தாங்க கேக்குது."

கரை சேர்ந்ததும் முதல் வேலையாகக் கொத்தனார்களைக் கூப்பிட்டார். அணையோரத்தில், தண்ணீர் வழிந்தோடும் தாழ்வான கல்படிகள் எழுந்தன. முதல் உல்லம் ஒவ்வொரு படியாகத் தாண்டி மேலே வந்ததும் மீசையை முறுக்கினார்.

"பார்த்தியா? என் உத்தரவுப்படிதான் ஏறுது!"

"ஆமாங்க. உத்தரவு அன்னிக்கே வந்துடுச்சு. படிதான் இப்ப வந்திருக்கு."