முதல் இடறல்

கணினியை இயக்கும் சில்லுக்குச் சில்லு மொழி வேறு. ஒரு சில்லுக்காக எழுதிய நிரலை மற்றொன்றிடம் கொடுத்தால், அது திருதிருவென விழிக்கும். இரண்டுக்கும் நடுவே அமர்ந்து, வரிக்கு வரி பெயர்த்துச் சொல்ல இன்னொரு நிரல் வேண்டும். பூங்கோதை அம்மையாரின் கணினிக்கூடத்தில் அதைத் துபாசி என்று அழைத்தார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளாகத் துபாசியைப் பேணி வந்தவர் சேந்தன். அம்மையாரைவிட நான்கு வயது மூத்தவர். ஆயினும் அவரையே ஆசிரியராக ஏற்றுக் கற்றவர். ஆவணி பிறந்ததும் துபாசியின் முழுப் பொறுப்பையும் அம்மையார் ஒருவரிடம் ஒப்படைக்கப் போகிறார் என்பது கூடம் முழுவதும் அறிந்த செய்தி. அந்த ஒருவர் தாமே என்று சேந்தன் ஐயமின்றி இருந்தார். பிறகு மார்கழியில் அமலி என்னும் இளம்பெண் கூடத்தில் வந்து சேர்ந்தாள்.

அமலி எழுதும் வரிகளை அம்மையார் இரண்டு முறை படிப்பார். சேந்தனின் வரிகளை ஒரே முறை. அமலியிடம் ஒருநாள், "நன்று" என்றார். அந்த ஒரு சொல் சேந்தனின் காதில் எறும்பாய்ப் புகுந்துகொண்டது. "அண்ணா" என்று அவள் மரியாதையாக அழைத்தாலும் அவருக்கு அது குத்தலாகவே கேட்டது.

ஆடி மாதத்தில் துறைமுகத்திலிருந்து ஒரு பழைய நிரல் வந்தது. கடலில் நீரேறும் நேரத்தைக் கணித்துச் சொல்வது. அது பிறந்த இயந்திரம் பழுதாகிவிட்டது. இனி அது துபாசியின் துணையோடு இங்குள்ள கணினியில்தான் ஓடியாக வேண்டும். ஓடவிட்டார்கள். பத்தாம் நொடியில் முறிந்து விழுந்தது.

"நான் பார்க்கிறேன்" என்றார் சேந்தன்.

நிரல் இடறும் இடத்தில் அதைப் பிடித்து நிறுத்திக் காட்டுவதற்கு ஒரு கருவி உண்டு. அதன் பெயர் பிழைதேடி. சேந்தன் அதைப் பூட்டி ஓடவிட்டார். பிழைதேடி ஓரிடத்தில் நின்றது. விதியை மீறிய நினைவகத் தீண்டல் என்றது. துபாசிக்குள் நினைவகப் பக்கங்களைப் பூட்டும் பகுதி அது. எழுதியவர் பெயர் மேலேயே இருந்தது: அமலி.

சேந்தனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

தேடல் ஒரு நிமிடத்தில் முடிந்தது. அறிக்கை எழுத மூன்று நாள் ஆயிற்று. பதினொரு பக்கம்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிறர் எழுதியதில் பிழை கூறுபவர், அதை எல்லோர் முன்னிலையிலும் நிகழ்த்திக் காட்ட வேண்டும். காட்டி முடியும் வரை, எழுதியவர் வாய் திறக்கலாகாது.

நான்காம் நாள் காலையில் அனைவரும் கூடினர். சேந்தன் பதினொரு பக்கத்தையும் படித்தார். அமலி தலை நிமிர்ந்து, வாய் மூடி அமர்ந்திருந்தாள்.

"மூன்று நாளாக அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை என்று நினைத்தேன்" என்றான் உடன் பயிலும் மருதப்பன். "இரண்டு ஆள் சோறு உண்ட களை முகத்தில் தெரிகிறதே."

சிலர் சிரித்தனர். சேந்தன் சிரிக்கவில்லை.

"காட்டுங்கள்" என்றார் அம்மையார்.

சேந்தன் நிரலை ஓடவிட்டார். பிழைதேடி அதே இடத்தில் நின்றது.

"இதோ அம்மா. அமலியின் பூட்டில் இடித்து நிற்கிறது."

"தொடரச் சொல்லுங்கள்."

"இடித்து விழுந்தது எப்படித் தொடரும்?"

"விழுந்துவிட்டதா? நிற்கிறது என்றுதானே சொன்னீர்கள்?"

சேந்தன் விசையை அழுத்தினார். நிரல் எழுந்து ஓடியது. மீண்டும் அதே பூட்டில் இடித்து நின்றது.

"இன்னொரு முறை."

மீண்டும் ஓடியது. மீண்டும் நின்றது.

"இன்னொரு முறை."

நான்காம் முறை பூட்டு குறுக்கிடவில்லை. நிரல் வெகுதூரம் ஓடி, வேறோர் இடத்தில் முறிந்தது. சேந்தன் விசையை அழுத்தினார். அது தொடரவில்லை.

"இது எந்த இடம்?" என்று அம்மையார் கேட்டார்.

திரையில் இருந்தது கணித நூலகத்தின் பெயர். அயல் நிரல்களுக்குத் துணையாக, அவற்றின் மொழியிலேயே அமைந்த நூலகங்களை, அதாவது அவை வேண்டும்போது எடுத்தாளும் ஆயத்த நிரல் தொகுப்புகளை, கணினியின் ஓர் அடைவில் அடுக்கி வைத்திருந்தார்கள். மார்கழியில், அமலி சேர்ந்த வாரத்தில், அவற்றையெல்லாம் புதிய பதிப்புக்கு மாற்றியவர் சேந்தன். யாரும் கேட்காமலே மாற்றினார். பழைய நிரல் கைநீட்டிய இடத்தில், புதிய நூலகத்தில் வேறொன்று இருந்தது. நிரல் முறிந்தது அதனால்தான்; பூட்டினால் அல்ல.

அமலிக்கு இப்போது பேச உரிமை வந்தது.

"துபாசி பெயர்த்து முடித்த பக்கங்களை நான் பூட்டி வைக்கிறேன், அண்ணா. நிரல் தன் பக்கத்தைத் தானே திருத்த வந்தால் பூட்டில் இடிக்கும். அந்த ஓசை கேட்டதும் துபாசி பூட்டைத் திறந்து, புதிதாகப் பெயர்த்துக் கொடுக்கும். இடிப்பதற்காகவே போட்ட பூட்டு அது. பிழைதேடி அந்த இடிப்பையும் பிழை என்று பிடித்து நிறுத்துகிறது."

"முன்பே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேட்கவில்லை. அடுத்த மேசையில்தான் இருந்தேன்."

அம்மையார் கையசைத்ததும் எல்லோரும் எழுந்து சென்றனர். சேந்தன் மட்டும் நின்றார்.

"அறிக்கையைக் கிழித்துவிடட்டுமா அம்மா?"

"உங்கள் விருப்பம்."

"பொறுப்பு யாருக்கு?"

"அமலிக்கு."

பன்னிரண்டு ஆண்டு என்று சேந்தன் சொல்ல வாயெடுத்தார்; சொல்லவில்லை.

"அவள் எழுதும் ஒவ்வொரு வரியும் இனி உங்கள் கை வழியாக வரும்" என்றார் அம்மையார். "நீங்கள் சோதித்துச் சரி என்ற பிறகே துபாசிக்குள் சேரும்."

சேந்தன் திகைத்தார். "என்னிடமா? அவள்மீது எனக்கு எத்தனை எரிச்சல் என்று இன்று ஊரே பார்த்துவிட்டது. தெரிந்துமா என்னிடம் தருகிறீர்கள்?"

அம்மையார் கணினியை அணைத்தார்.

"அவளிடம் குறை காண உங்களைவிட ஆசைப்படுபவர் இங்கே யார் இருக்கிறார்கள்? ஒன்று அகப்பட்டதும் நின்றுவிடாதீர்கள், சேந்தன். அவ்வளவுதான்."