முடிவைச் சொல்லிவிட்ட மைனா

மூங்கில் காட்டுக் குளத்தருகே சொக்கி என்றொரு மைனா இருந்தது. அதற்கு எதையும் மனதுக்குள் வைத்திருக்கத் தெரியாது. பழத்தைக் கண்டால் கத்தும். பாம்பைக் கண்டால் கத்தும். மேகம் கறுத்தால்கூடக் கத்தும்.

காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஒருநாள் பாறைமேல் ஒரு படக்கதைப் புத்தகத்தை மறந்துவிட்டுப் போனார்கள். சொக்கி அலகால் அட்டையைப் புரட்டியது. அவ்வளவுதான், பசியே மறந்துபோயிற்று!

என்ன புத்தகம் அது! எல்லாம் கறுப்பு மையால் வரைந்த படங்கள். ஓயாமல் மழை பெய்யும் ஒரு துறைமுக நகரம். அங்கே மனிதர்களே கிடையாது, எல்லாரும் விலங்குகள்தான். நீளமான கோட்டு மாட்டிய தேவாங்குதான் துப்பறிவாளர். காணாமல்போன ஒரு பாடகியைத் தேடி, பெரிய கண்களை உருட்டிக்கொண்டு சந்து சந்தாக அலைகிறது. முதலாளிப் பன்றிமேல் சந்தேகம். கார் ஓட்டும் கரடிமேலும் சந்தேகம். கடைசிப் பக்கத்தில் குற்றவாளியின் முகம் தெரிந்தபோது சொக்கியின் இறகெல்லாம் சிலிர்த்து நின்றது.

"இதை எல்லாரும் படித்தாக வேண்டும்!" என்று புத்தகத்தை இழுத்துக்கொண்டு கிளம்பியது.

முதலில் குரங்கிடம் போயிற்று.

"குரங்கண்ணே! இப்படியொரு கதையை நீ பார்த்திருக்கவே மாட்டாய்! பாடகியைக் கடத்தியது யார் தெரியுமா?" என்று கேட்டது. பதிலுக்குக்கூடக் காத்திராமல் பெயரையும் சொல்லிவிட்டது.

"அதுதான் சொல்லிவிட்டாயே! இனி நான் எதற்குப் படிக்க?" என்று குரங்கு புத்தகத்தைத் தள்ளிவிட்டது.

முள்ளம்பன்றியிடமும் இதே கதைதான். முயலிடமும் இதே கதைதான். யாரும் புத்தகத்தைத் தொடவில்லை.

'இந்தக் காட்டில் ரசனை உள்ளவர் ஒருவர்கூட இல்லையா?' என்று சொக்கிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படிப்பட்ட கதையைப் படித்துவிட்டு, அதைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைக்காவிட்டால் எப்படி இருக்கும்!

மிஞ்சியது குளத்து ஆமை பொன்னோடன் மட்டும்தான்.

"ஆமையண்ணா! இந்தக் கதையில் வந்து..."

பொன்னோடன் சட்டென்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. "சொல்லாதே தங்கச்சி! புத்தகத்தை வை. நானே படித்துக்கொள்கிறேன்."

ஆமை படித்தது. ஒரு படத்தைப் பார்க்க ஒரு காலைப்பொழுது ஆயிற்று. அதன் முதுகில் உட்கார்ந்திருந்த சொக்கி தவியாய்த் தவித்தது.

"சீக்கிரம் புரட்டு அண்ணா!"

"இரு, இரு. தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரைப் பார். விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் யாரோ ஒளிந்து நிற்பது அதில் தெரிகிறது!"

சொக்கி குனிந்து பார்த்தது. ஆமாம்! அன்றைய அவசரத்தில் அது இதைக் கவனிக்கவே இல்லை.

இன்னும் சில பக்கங்கள் போனதும் பொன்னோடன் கூவியது: "கண்டுபிடித்துவிட்டேன்! கரடிதான்! சந்தேகமே இல்லை!"

'இல்லவே இல்லை!' என்ற சொல் சொக்கியின் தொண்டை வரை வந்துவிட்டது. விழுந்தடித்துக்கொண்டு ஆலமரத்துக்குப் பறந்து, ஒரு பழத்தைக் கவ்வி வாயை அடைத்துக்கொண்டது. திரும்பி வந்து ஆமையின் முகத்தைப் பார்த்தது. அதில்தான் எத்தனை பரபரப்பு, எத்தனை சந்தோஷம்! 'ஐயோ, குரங்கண்ணனுக்கு இந்தச் சந்தோஷம் கிடைக்காமல் செய்துவிட்டேனே!' என்று சொக்கிக்குச் சுருக்கென்றது.

கடைசிப் பக்கம் நெருங்கிய நேரத்தில் குரங்கு அந்தப் பக்கமாக வந்தது.

"என்ன, இன்னுமா படித்து முடிக்கவில்லை? கடத்தியது யாரென்று நான் சொல்லட்டுமா? அது அந்த..."

சொக்கி பழத்தைத் துப்பியது. மைனாவுக்குத்தான் எந்தக் குரலும் வருமே! "உர்ர்ர்ர்!" என்று அசல் புலியைப் போல உறுமியது.

"ஐயையோ, புலி!" என்று குரங்கு ஒரே தாவலில் மர உச்சிக்குப் போயிற்று. ஆமையும் ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டது.

"பயப்படாதே அண்ணா, நான்தான்! நீ படி!"

பொன்னோடன் மெல்லக் கடைசிப் பக்கத்தைப் புரட்டியது.

"அடேயப்பா! இவரா!" என்று நாலு காலும் தரையில் படாமல் துள்ளிய ஆமை, பொத்தென்று குளத்தில் விழுந்தது. தலையை நீட்டியதும் பேச ஆரம்பித்ததுதான், நிறுத்தவில்லை. சொக்கியும் கூடவே பேசியது. யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்றே தெரியவில்லை. சொக்கிக்குத் தானே மறுபடி முதல் தடவை படித்ததுபோல இருந்தது.

சத்தம் கேட்டு மான் ஓடி வந்தது. "அப்படி என்ன கதை? யார் அந்தக் குற்றவாளி?"

சொக்கி பெயரைச் சொல்லாமல் புத்தகத்தை அதன் பக்கம் நகர்த்தியது. "படித்துப் பார் அக்கா!"

குரங்கும் மரத்திலிருந்து இறங்கி வந்தது.

"மன்னித்துவிடு அண்ணே. உன் கதையை நான் கெடுத்துவிட்டேன்" என்றது சொக்கி.

"போகட்டும் விடு. அக்கா திகைப்பதையாவது பார்க்கிறேன்" என்று குரங்கு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு மானின் பக்கத்தில் உட்கார்ந்தது.

நாம் ரசித்த ஒன்றைப் பிறருக்குக் கொடுக்கும்போது, அதைத் தாமே கண்டு மகிழும் இன்பத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.