பூபதிக்கு நூடுல்ஸ் ஆகுமா

ஊர்ப் பெயரைச் சொன்னால் அங்கே இருக்கிற நல்லவர்களுக்கு மனசு சங்கடப்படும். கோணமங்கலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, சேர்மக்கனி, பேச்சிமுத்து, தவசி என்று மூன்று அண்ணன் தம்பிகள் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் போட்டுப் பிழைத்தார்கள். மூன்று பேரும் தங்கமான பிள்ளைகள். பொய் சொல்ல மாட்டார்கள். ஒருத்தர் மேல் ஒருத்தர் கைநீட்ட மாட்டார்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். கஷ்டமெல்லாம் அந்தக் கடைசி குணத்தால்தான் வந்தது.

வண்டி நின்ற இடம் எஸ்தர் டீச்சர் வீட்டு வாசல். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இடத்துக்கு வாடகை வாங்கவில்லை. விளக்குக்குக் கரண்டும் பாத்திரம் கழுவத் தண்ணீரும்கூட அவர் வீட்டிலிருந்துதான் போயிற்று. அந்த வாசல் இல்லையென்றால் மூன்று பேருக்கும் அடுப்பு எரியாது.

டீச்சர் வளர்த்த நாய்க்குப் பெயர் பூபதி. செவலை நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். சாயங்காலம் வண்டிக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டு, மேலேயிருந்து ஒரு இழை விழாதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஜன்னல் வழியாக டீச்சர் ஒரு அதட்டல் போட்டால், பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

டீச்சரின் மகளுக்குத் தூத்துக்குடியில் பிரசவம். திங்கட்கிழமை காலையில் ஜெபம் பண்ணிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏலே சேர்மக்கனி, நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துடுவேன். அதுவரைக்கும் பூபதி உங்க பொறுப்பு. தயிர் சோறு போடுங்க. அவன் நூடுல்ஸுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிப்பான். டாக்டரைக் கேக்காம ஒரு இழை கொடுக்கக் கூடாது. நான் வரும்போது அவன் வயித்துக்கு ஏதாவது ஆகியிருந்துச்சு, அன்னைக்கே வண்டியை வேற இடத்துக்குத் தள்ளிட்டுப் போயிடணும்."

"சரிங்க டீச்சரம்மா" என்றார்கள் மூவரும்.

பஸ் புறப்பட்டதும் பேச்சிமுத்து கையைத் துடைத்துக்கொண்டான். "அண்ணே, டாக்டரைக் கேக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. எப்பப் போறோம்?"

"இப்பவே" என்றான் சேர்மக்கனி. அடுப்பை அணைத்துவிட்டு மூவரும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் ஒரு பசுமாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சேர்மக்கனி முன்னால் போய்க் கும்பிட்டான். "டாக்டரய்யா, நாய்க்கு நூடுல்ஸ் கொடுக்கலாமா?" என்று கேட்டான். கேட்டதும் மூன்று பேரும் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

"யோவ், எங்கய்யா போறீங்க?"

"கேட்டாச்சுங்களே."

"பதிலைக் கேக்க வேண்டாமா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டீச்சர் கேக்கத்தான் சொன்னாங்க, பதில் வாங்கிட்டு வரச் சொல்லலைங்க. ஆனா நீங்களா ஆசைப்பட்டுச் சொன்னா வாங்கிக்கறோம்" என்றான் தவசி.

டாக்டர் பொறுமைசாலி. மாடுகளோடு பழகியவர். "இங்க பாருங்க. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். மிளகாய், சாஸ், அந்தப் பாக்கெட்டுல வர்ற மசாலாத் தூள், உப்பு, எண்ணெய் எதுவும் ஆகாது. சேமியா உப்புமா, தாளிச்ச சேவை எல்லாத்துக்கும் இதே கதைதான். வெறும் தண்ணியில வெந்தது ஒரு வாய் கொடுங்க, ஒண்ணும் செய்யாது. உங்க வண்டியில போடற நூடுல்ஸை அதோட கண்ணுலயே காட்டாதீங்க."

இவ்வளவு தெளிவாக ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதில்லை. வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

முதல் காரியம், கண்ணில் காட்டாமல் இருப்பது. பூபதியோ வண்டியை விட்டு நகராது. வண்டியை நகர்த்தலாம் என்றால், பூபதியின் வயிறு கெட்டால்தான் வண்டியை நகர்த்த வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். இப்போதே நகர்த்தினால் வயிறு கெட்டுப்போனதாக ஆகிவிடும்.

அந்த நேரம் ஆறுமுகநயினார் வந்தார். பழைய தபால்காரர், தினமும் ஒரு பிளேட் சாப்பிடுகிறவர். வெள்ளிக்கிழமை மட்டும் வெங்காயம், பூண்டு தொட மாட்டார். அவ்வளவு பக்தி. கண்ணில் ஆபரேஷன் செய்து பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதைக் கழற்றினால் எதிரே நிற்கிறவர் புகைமூட்டத்துக்குள் நிற்கிற மாதிரிதான் தெரிவார்.

"ஐயா, இந்தக் கண்ணாடியைக் கொஞ்ச நாளைக்குத் தர்றீங்களா?" என்று தவசி கேட்டான்.

"உனக்கு எதுக்குப்பா?"

"டாக்டர் சொன்னாருங்க."

டாக்டர் என்றதும் ஆறுமுகநயினார் மறுபேச்சுப் பேசவில்லை. "சின்ன வயசுல கண்ணைக் கெடுத்துக்கிட்டியே" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரிடம் "வர்றேன் சேர்மக்கனி" என்று சொல்லிக்கொண்டு போனார்.

கண்ணாடி பூபதிக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

அடுத்தது அந்த ஒரு வாய். "டாக்டர் கொடுங்கன்னு சொல்லிட்டார். கொடுக்காம இருந்தா அவர் சொல்லை மீறினதா ஆகும்" என்றான் சேர்மக்கனி. ஆனால் இவர்களுக்கு நூடுல்ஸ் என்றால் ஒரே வழிதான் தெரியும். வாணலி காய்ந்ததும் கை தானாகவே வெங்காயத்தை அள்ளிப் போட்டுவிடும். அன்றும் போட்டுவிட்டது. பூண்டையும் போட்டது. சாஸை ஊற்றிய பிறகுதான் மூவருக்கும் நினைவு வந்தது.

"பரவாயில்லை, அலசிடலாம்" என்றான் பேச்சிமுத்து.

வாளியில் போட்டு அலசினார்கள். எண்ணெய் போகவில்லை என்று துணி சோப்பை எடுத்தான் தவசி. சேர்மக்கனி கையைத் தட்டிவிட்டான். "சோப்பு ஆகுமான்னு டாக்டர் சொல்லலை. சொல்லாததைச் செய்யாதே." வெந்நீரில் ஏழெட்டுத் தண்ணீர் மாற்றி அலசி, வெங்காயத்தைப் பேன் பார்க்கிற மாதிரி பார்த்து எடுத்து, நூடுல்ஸை ஒவ்வொரு இழையாக டீச்சர் வீட்டுத் துணிக்கொடியில் காயப்போட்டு, காற்றில் பறக்காமல் இருக்க கிளிப்பும் மாட்டினார்கள். அந்தப் பக்கமாகப் போன ஒரு அம்மா, டீச்சர் வீட்டில் யாரோ மொட்டை போட்டு முடியைக் காயவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

காய்ந்ததை எடுத்துப் பூபதிக்கு முன்னால் வைக்கப்போன நேரம், பேச்சிமுத்து தட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். இதைத் தின்னு பூபதிக்கு ஏதாவது ஆனா?"

"ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"டாக்டர் சொன்னார். வண்டி போனா டாக்டர் வந்து தள்ளுவாரா, நாமதானே தள்ளணும்?"

சேர்மக்கனி ரொம்ப நேரம் தாடையைத் தடவினான். "அப்ப முதல்ல வேற ஒரு நாய்க்குக் கொடுத்துப் பார்ப்போம்."

"பாவம் அண்ணே. ஊர் நாய்க்கு ஏதாவது ஆனா அந்தப் பாவம் நம்மளைச் சும்மா விடுமா?" என்றான் தவசி. அவனுக்கு இளகிய மனசு.

"நீ சொல்றதும் சரிதான். அப்ப நீயே நாயா இருந்துடு. பூபதிக்கு ஏதாவது ஆனா வண்டி போயிடும். உனக்கு ஏதாவது ஆனா வண்டி இருக்கும்."

"அதுவும் நியாயம்தான் அண்ணே" என்றான் தவசி.

ஆனால் மனுஷனாக இருந்து தின்றால் அது மனுஷனுக்கு ஆகுமா என்றுதான் தெரியும். நாய்க்கு ஆகுமா என்று தெரிய, நாயாகவே இருக்க வேண்டும். அதனால் பூபதியின் கழுத்துப் பட்டையைக் கழற்றித் தவசிக்கு மாட்டி, சங்கிலியை வண்டிச் சக்கரத்தில் கட்டினார்கள். நாய் எங்கே சட்டை போடும் என்று அவன் சட்டையையும் கழற்றினார்கள். கழற்றிய சட்டை தொலைந்துபோகக் கூடாது என்று பூபதிக்கு மாட்டிவிட்டார்கள். வண்டிக்கு அடியில் ஒரு நாய்க்குத்தான் இடம் இருந்தது. தவசி அங்கே படுத்துக்கொள்ள, அவனுடைய ஸ்டூல் காலியாகிவிட்டது. பூபதி ஏறி உட்கார்ந்தது.

"நாய் பேசக் கூடாது தெரியுமில்ல?" என்றான் பேச்சிமுத்து.

"தெரியும்" என்றான் தவசி. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு "லொள்" என்றான்.

ஒரு நாளில் என்ன தெரியும், டீச்சர் வரும்வரை பார்த்துவிடுவோம் என்று அன்றிலிருந்து தவசிக்கு உப்பில்லாத, காரமில்லாத, அலசிக் காயவைத்த நூடுல்ஸ். பூபதிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தயிர் சோறு. பூபதி மினுமினுவென்று ஆகிவிட்டது. தவசிக்குக் கண் உள்ளே போய்விட்டது. வியாழக்கிழமை ஒரு கல்யாணக் கூட்டம் வந்து வெங்காயம் தூக்கலாகப் போட்ட நூடுல்ஸ் தின்றபோது, வண்டிக்கு அடியிலிருந்து ஒரு ஊளை வந்தது. "நல்லாப் பழகிட்டான்" என்று சேர்மக்கனி மெச்சிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தவசி சுருண்டு படுத்துவிட்டான். தட்டை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணன்கள் பதறிப்போய்ச் சங்கிலியோடு அவனை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு வெள்ளாட்டுக்கும் ஒரு கன்றுக்குட்டிக்கும் நடுவில் வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போனார்கள்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"நாய்க்குங்க."

"நாய் எங்கே?"

"லொள்" என்றான் தவசி, மெதுவாக.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். அப்படியும் தவசி தவசியாகத்தான் தெரிந்தான். "என்ன கொடுத்தீங்க?"

"நீங்க சொன்னதுதாங்க. திங்கட்கிழமையிலேயிருந்து வெறும் நூடுல்ஸ். ஒரு கல் உப்புகூட இல்லை."

டாக்டருக்கு வெளியே இன்னும் ஆடு மாடுகள் காத்திருந்தன. "நாக்குச் செத்துப் போச்சுய்யா, வேற ஒண்ணுமில்லை. போய் வெங்காயம், பூண்டு, மிளகுத்தூள் எல்லாம் போட்டுச் சுடச்சுட ஒரு பிளேட் கொடுங்க. சரியாப் போயிடும்" என்று அனுப்பிவிட்டார்.

வழியெல்லாம் அண்ணன்களுக்கு விவாதம்.

"வெங்காயம் நாய்க்கு விஷம்னு சொன்ன அதே டாக்டர், இன்னைக்கு நாய்க்கு வெங்காயம் கொடுங்கறார்."

"படிச்சவங்க மேற்கொண்டு படிச்சிருப்பாங்க அண்ணே. நாலு நாள் இருக்குல்ல."

"அப்ப இது மருந்து. ஒரு பிளேட்தான் சொன்னார். யாருக்குக் கொடுக்கறது?"

"இவன் சோதனைக்கு வச்ச நாய். பூபதிதான் டீச்சரோட நாய். மருந்து டீச்சர் நாய்க்குத்தான் போகணும்."

தவசி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நாய் என்பது நினைவு வந்து மூடிக்கொண்டான்.

வண்டிக்கு வந்து, தவசியைச் சக்கரத்தில் கட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்கள். வெங்காயம் வதங்கியது, பூண்டு பொரிந்தது, தெரு முழுக்க மணத்தது. தட்டு நிறைய அள்ளி, ஆவி பறக்க, ஸ்டூலில் இருந்த பூபதிக்கு முன்னால் வைத்தார்கள். டீச்சர் வருகிற பஸ்ஸும் அப்போதுதான் வளைவில் திரும்பியது.

பூபதி எட்டி மோந்தது. கறுப்புக் கண்ணாடியில் தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மூக்கை இந்தப் பக்கம் கொண்டுபோயிற்று, அந்தப் பக்கம் கொண்டுபோயிற்று. மூக்கு தட்டின் ஓரத்தைத் தொட்ட நேரம், வண்டி தடாலென்று குலுங்கியது. வெங்காய வாசனையில் தவசி சங்கிலியோடு பாய்ந்துவிட்டான். சக்கரம் உருண்டது, வண்டி பின்னாலேயே வந்தது. பூபதி உறுமியது. தவசி அதைவிடப் பெரிதாக உறுமினான். பூபதி ஒதுங்கிக்கொண்டது. தவசி தட்டில் வாயை வைத்து, ஒரு இழை மிச்சமில்லாமல் நக்கிவிட்டு நிமிர்ந்தான்.

எதிரே எஸ்தர் டீச்சர் நின்றார், கையில் பையோடு.

"பூபதிக்கு நூடுல்ஸ் கொடுத்தீங்களாலே?" என்று கேட்டார். வேறு எதை முதலில் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒரு இழை கொடுக்கலை டீச்சரம்மா" என்றான் சேர்மக்கனி. "ஒரே ஒரு பிளேட் வச்சோம். அதையும் நாய் தின்னுடுச்சு."

டீச்சர் குனிந்து பூபதியின் வாயை மோந்து பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார். தயிர் வாசனைதான் வந்தது. வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. நாலு நாள் கேட்க ஆளில்லாமல் வளர்ந்த மகராசன் மாதிரி இருந்தது பூபதி. டீச்சர் கண்ணை மூடி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். கண்ணைத் திறந்து தவசியைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை மூடிக்கொண்டார்.

"வண்டி இங்கேயே நிக்கட்டும்பா. உங்களை வேற தெருவுக்கு அனுப்பினா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்" என்றார். "எனக்குத் தலை சுத்துது. நாயை உள்ளே கூட்டிட்டு வாங்க, குளிப்பாட்டணும்." சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அண்ணன்கள் இரண்டு பேரும் ஸ்டூலைப் பார்த்தார்கள், சக்கரத்தைப் பார்த்தார்கள்.

"எதைக் கூட்டிட்டுப் போறது?"

"எது கழுத்துல பட்டை இருக்கோ அதுதானே நாய்."

சங்கிலியை அவிழ்த்துத் தவசியை வீட்டுக்குள் கூட்டிப்போனார்கள். குளிக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அவன் வாசல்படியில் காலை ஊன்றிக்கொண்டு வர மாட்டேன் என்று முரண்டுபிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு போனார்கள்.

வண்டியில் யாரும் இல்லை. பூபதி மட்டும் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஸ்டூலில் ஏறி உட்கார்ந்திருந்தது. அப்போது ஆறுமுகநயினார் தடவித் தடவி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன தவசி, கண்ணாடி உனக்கு எடுப்பாத்தான் இருக்கு. கண் தேவலையா? சரி, எப்பவும் போல ஒரு பிளேட் போடு."

பூபதி அவரைப் பார்த்து ஒரு தடவை குரைத்தது.

ஆறுமுகநயினார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட ஆமா! இன்னைக்கு வெள்ளிக்கிழமை. வெங்காயம் போடாதேப்பா. நல்ல வேளை, ஞாபகப்படுத்தினே. அதுக்குத்தான் சொல்றது, உங்க மூணு பேர்ல நீதான் புத்திசாலி."