கவிழாத சீடர்

சீடருக்கு அறுபது வயது. குருவுக்கு முப்பத்திரண்டு. சீடர் குருவை டீச்சர் என்பார். குரு சீடரை சார் என்பாள்.

ஆவுடையப்பன் வானிலை அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் காற்றை அளந்தவர். மொட்டை மாடியில் சுழலும் கிண்ணங்களையும் திசைகாட்டும் அம்பையும் பார்த்து, இன்ன திசை, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எழுதுவது அவர் வேலை. அத்தனை காற்றையும் எழுதியவர் ஒரு நாளும் அதில் ஏறிப் போனதில்லை. ஓய்வு பெற்ற மறுமாதம், தூத்துக்குடிக்குத் தெற்கே பாய்ப்படகு ஓட்டக் கற்றுத்தரும் ஓர் இடத்தில் சேர்ந்தார். சேரச் சொன்னது அவர் மனைவி பிரமு.

"கத்துக்கிட்டு என்னைய ஒரு தடவ கடல்ல கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அங்கே இருந்தவை சின்னப் படகுகள். இரண்டு பேர் உட்காரலாம். ஒரு பாய், ஒரு சுக்கான், பாயை இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு. அந்தக் கயிற்றைக் கடற்கரைக்காரர்கள் தாமான் என்பார்கள். முதல் நாளே ஜெசிந்தா டீச்சர் அதை அவர் கையில் கொடுத்தாள்.

"தாமானைப் பிடிக்கலாம் சார். கையில சுத்தக் கூடாது."

"ஏன் டீச்சர்?"

"காத்து தூக்கி அடிச்சா உடனே விடணும். சுத்துன கையால விட முடியாது."

ஆவுடையப்பன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

எட்டு மாதம் போனது. கூடச் சேர்ந்தவர்கள் ஆளுக்குப் பத்துத் தடவையாவது கவிழ்ந்தார்கள். உப்புத் தண்ணீர் குடித்து, தும்மி, சிரித்து, படகை நிமிர்த்தி ஏறினார்கள். ஆவுடையப்பன் கவிழவேயில்லை. தூரத்தில் தண்ணீர் லேசாகக் கறுத்தால் போதும், காற்று வருகிறது என்று கரைக்குத் திருப்பிவிடுவார். வீட்டுக்குப் போனதும் பிரமுவிடம் சொல்லுவார்.

"இன்னைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். வேற ஆளா இருந்தா கவுந்திருப்பான்."

"அப்ப என்னைய எப்ப கூட்டிட்டுப் போறீங்க?" என்பாள் அவள்.

முதல் தடவை நாள் குறித்தபோது வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் உருவாகிறது என்றார். இரண்டாம் தடவை அலை உயரம் சரியில்லை. மூன்றாம் தடவை சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. "இப்படித் தெளிவா இருக்குறதத்தான் நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டார்.

நாலாவது தடவை பிரமு கேட்கவில்லை.

ஒரு வாரம் பார்த்தார். இரண்டு வாரம் பார்த்தார். அவள் கீரை விலையைப் பற்றிப் பேசினாள். குக்கர் ரப்பர் போய்விட்டது என்றாள். கடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் சமாதானம் செய்திருப்பார். அவளோ சாதாரணமாக இருந்தாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் கூட இருந்தவள் தன்னிடம் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாளோ என்று நினைத்தார்.

டீச்சரிடம் போனார். ஜெசிந்தா ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அவ கேக்குறத நிறுத்திட்டா."

"நல்லதுதானே சார். தொல்ல விட்டுது."

"கிண்டல் பண்ணாதீங்க. ஞாயித்துக்கிழம அவளக் கூட்டிட்டுப் போகணும். அனுமதி குடுங்க."

"நீங்க இன்னும் ஒரு தடவகூட கவுழலியே."

"எட்டு மாசமா ஒரு தடவகூட இல்ல" என்றார். அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"நானும் அதத்தான் சொல்லுதேன்."

"கவுந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். எழுதி வச்சிருக்கேன். பதினோராம் பக்கம்."

ஜெசிந்தா தேய்ப்பதை நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கிழம ஏழு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. நான் மோட்டார் படகுல உங்க பின்னாலயே வருவேன்."

"அவளுக்கு நீச்சல் தெரியாது டீச்சர்."

"மிதவைச் சட்ட போட்டுக்கிடுவாங்க."

"இருந்தாலும்..."

"ஏழு மணி சார்."

அன்று மாலை பிரமுவிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சரி, வாரேன்" என்றாள். அவ்வளவுதான். காற்று எப்படி இருக்கும், என்ன எடுத்துக்கொள்ள வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. அது அவரை இன்னும் கலக்கியது.

ஞாயிறு காலை கிழக்கேயிருந்து கொண்டல் காற்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஆவுடையப்பன் செல்போனில் மூன்று இடத்தில் பார்த்தார். ஒன்று பன்னிரண்டு என்றது, ஒன்று பதினான்கு என்றது, ஒன்று பதினெட்டு என்றது. பதினெட்டை நம்பினார். போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

கரைக்கு வந்ததும் பிரமு சேலையை மாற்றிச் சுடிதாரும் மிதவைச் சட்டையும் போட்டு வந்தாள். அவளை அவர் சேலையில்தான் பார்த்திருக்கிறார். எப்போது வாங்கினாய் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஜெசிந்தா படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டாள்.

கரை விலகியது. ஆவுடையப்பனுக்கு உள்ளங்கை வேர்த்தது. வலது கையில் சுக்கான், இடது கையில் தாமான். எதிரே மனைவி. எட்டு மாதமாக அவர் பயந்தது தனக்காக. இன்றைக்கு இரண்டு பேருக்காகப் பயப்பட வேண்டியிருந்தது. தாமான் நழுவிவிடுமோ என்று கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, பிரமு இருக்கிறாளே என்று இன்னொரு சுற்றும் சுற்றினார்.

பிரமு அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஏங்க, கயித்தச் சுத்தாதீங்க."

"உனக்கு என்ன தெரியும்? ஆடாம உக்காரு."

வலதுபுறம் தண்ணீர் கறுத்தது. கரைக்குத் திருப்பலாம் என்று அவர் நினைப்பதற்குள் காற்று வந்து பாயில் அறைந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"தாமான விடுங்க சார்!" என்று பின்னாலிருந்து ஜெசிந்தா கத்தினாள்.

விட வேண்டும் என்று அவருக்கும் தெரிந்தது. கயிறு இறுகிவிட்டது. படகு மெல்லச் சாய்ந்து, அப்படியே பாயோடு தண்ணீரில் படுத்தது.

ஆவுடையப்பன் பாய்க்கு அடியில் இருந்தார். மேலே வெள்ளையாக ஒன்று முகத்தில் ஒட்டியது. மணிக்கட்டைக் கயிறு பிடித்திழுத்தது. பதினோராம் பக்கத்தில் என்ன எழுதினோம் என்பது நினைவுக்கு வரவில்லை. பிரமு முங்கிவிட்டாள் என்றுதான் தோன்றியது. கத்த வாயைத் திறந்தார், உப்புத் தண்ணீர் போனது.

மோட்டார் படகில் ஜெசிந்தா இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். கவிழ்ந்தால் பத்து வரை பார்ப்பது, பத்தில் குதிப்பது என்று அவள் நேற்றே முடிவு செய்திருந்தாள். இப்போது ஒவ்வோர் எண்ணும் நீண்டுகொண்டே போனது. மூன்றிலேயே குதித்துவிடலாமா என்றிருந்தது. தப்புச் செய்துவிட்டோமோ என்று ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்தாள்.

ஐந்து எண்ணும்போது பிரமுவின் குரல் கேட்டது. படகைத் தட்டிக்கொண்டு கத்தினாள்.

"ஏங்க! நான் நல்லா இருக்கேன். கையால பாய மேல தள்ளுங்க, மூச்சு விட எடம் வரும்!"

தள்ளினார். இடம் வந்தது. மூச்சு வந்தது.

"இப்ப கயித்த அவுருங்க. பதறாதீங்க. ஒரு சுத்து."

ஒரு சுற்று அவிழ்ந்தது.

"இன்னொரு சுத்து."

அதுவும் அவிழ்ந்தது. பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஜெசிந்தா கத்தியை உறையில் போட்டாள். போடும்போது இரண்டு தடவை குறி தவறியது.

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைத் தேடினார். படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பலகையின் மேல் அவள் நின்றுகொண்டிருந்தாள். படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, முழுப் பாரத்தையும் போட்டாள். பாய் தண்ணீரை வழியவிட்டபடி மெதுவாக எழுந்தது. படகு நிமிர்ந்தது. அவள் காலைத் தூக்கிப் போட்டு உள்ளே ஏறினாள். சுக்கானைப் பிடித்தாள். தாமானை எடுத்து, சுற்றாமல், விரலில் சும்மா வைத்துக்கொண்டாள். பாய் படபடத்தது.

ஆவுடையப்பன் படகின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கினார். பல் தந்தியடித்தது. மோட்டார் படகு பக்கத்தில் வந்து நின்றது.

"டீச்சர், இவளுக்கு எப்படி...?"

"ரெண்டு வாரமா விடியக்காலம், நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிருதாங்க. இன்னையோட பதினஞ்சு தடவ கவுந்திருக்காங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லத்தான் வந்தாங்களாம். நீங்க போன்ல காத்து பாத்துக்கிட்டு இருந்தீங்களாம்."

அவர் பிரமுவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு காற்று வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. முகத்தில் பயம் இருந்தது, அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் அவள் படகைக் கரைப் பக்கம் திருப்பவில்லை.

ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது. கடல் தண்ணீரில் அது யாருக்கும் தெரியவில்லை.

"டீச்சர், என்னைய உங்க படகுல ஏத்துங்க. மூணு பேரும் கரைக்குப் போயிருவோம்."

"அக்கா கரைக்கு வரல சார். எதுத்த தீவு வரைக்கும் போயிட்டு வாரேன்னு நேத்தே சொல்லிட்டாங்க."

"அப்ப நான்?"

ஜெசிந்தா எஞ்சினை அணைத்தாள்.

"எங்கிட்ட ஏன் கேக்குதீங்க? படகு அவங்க கையில இருக்கு. கூட்டிட்டுப் போவாங்களான்னு அவங்ககிட்ட கேளுங்க."