தலையை விட்டுவிட்டாள்

தென்காசியில் சர்வேஸ்வரன் சாரின் ஆங்கில வகுப்பில் யார் தமிழ் பேசினாலும், "நான் தமிழ் பேசிவிட்டேன்" என்ற பலகை சாயங்காலம்வரை பேசியவர் கழுத்தில் தொங்கும். அந்த வகுப்பைப் பெருக்கிவிட்டு, அதற்குக் கூலியாகக் கடைசி பெஞ்சில் படித்தாள் செண்பகவடிவு.

அவள் சான்றிதழ் கேட்டதும் சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"'இப்படி நடந்தால் அப்படி ஆகும்' என்று இருபது வாக்கியம் நிறுத்தாமல் சொல். தவறினால் விளக்குமாறுதான் உனக்குச் சான்றிதழ்" என்று ஆங்கிலத்தில் கர்ஜித்தார்.

செண்பகவடிவு சுவரைப் பார்த்தாள். தினசரி காலண்டரின் அட்டையில் பல்லி விழும் பலன் இருந்தது.

"நெற்றியில் பல்லி விழுந்தால் பட்டாபிஷேகம் நடக்கும். மூக்கில் விழுந்தால் வியாதி வரும். வயிற்றில் விழுந்தால் தானியம் சேரும்" என்று ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே போனவள், கால்விரலுக்கு வந்ததும் பத்தொன்பதில் நின்றுவிட்டாள்.

சார் வழுக்கையைத் தடவினார். காலையில் அங்கே ஒரு பல்லி பொத்தென்று விழுந்ததை, பெருக்கிக்கொண்டிருந்த அவள் மட்டும்தான் பார்த்திருந்தாள்.

"ஏ பிள்ள, தலைய விட்டுட்டியே! தலையில விழுந்தா என்ன ஆகும்?" என்று தமிழில் பதறினார் சார்.

அவள் பலகையை எடுத்து நீட்டினாள்.

"சார் தமிழ் பேசினால் சாரும் இதை மாட்ட வேண்டும்" என்றாள் ஆங்கிலத்தில். இருபது ஆகிவிட்டது.

பலகை மேசையில் இடிக்க இடிக்கச் சார் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

"இப்பவாவது சொல்லு பிள்ள, தலையில விழுந்தா?"

இருந்த ஒரே பலகை சார் கழுத்தில் இருந்ததால் அவளும் தைரியமாகத் தமிழிலேயே சொன்னாள்.

"கலகம்னு போட்டிருக்கு சார். இப்பத்தான் முடிஞ்சுது."