இடம் தேடிய வசனங்கள்

லெந்து என்னும் நோன்புக் காலம் வந்துவிட்டால் அந்த இறையியல் கல்லூரி மெஸ்ஸில் ஈஸ்டர் வரைக்கும் சாம்பாரும் கூட்டும்தான். அப்படிப்பட்ட புண்ணிய நாளொன்றில் விடுதி மாடியில் கருவாடு பொரிந்தது. கருவாட்டை ஒளித்துவைக்கலாம், வாசனையை எங்கே ஒளிப்பது? மோப்பம் பிடித்துப் போய்க் கையும் களவுமாகப் பிடித்தவன் மெஸ் செயலாளரான மூத்த மாணவன் தவசிங்.

பிடிபட்ட கிளாட்வின் முதலாண்டு மாணவன், கடற்கரை ஊர்க்காரன்.

"ஈஸ்டர் வரைக்கும் உனக்கு மெஸ்ஸுல இடமில்ல" என்று தவசிங் தீர்ப்புச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து கிளாட்வின் மெஸ் வாசலில் நின்ற புங்கமரத்தடியில் உட்கார்ந்து டீக்கடை பன்னைத் தின்றுகொண்டிருந்தான்.

கர்த்தருக்கும் குறும்பு உண்டு போலிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை கல்லூரிச் சிற்றாலயத்தில் தவசிங்தான் பிரசங்கம் செய்ய வேண்டும். அவனுக்கு வந்த பகுதி, யோவான் சுவிசேஷத்தில் வரும் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை. 'பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும்' என்று இயேசு சொன்னதும் கல்லோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிப் போகிற கதை.

தவசிங் பிரசங்கத்தைத் தொடங்கினால் போதும், எல்லாருக்கும் கருவாட்டு ஞாபகம் வந்துவிடும். அவன் பெரிய பெரிய உரைநூல்களைப் புரட்டினான். வழி கிடைத்தது.

மறுநாள் மதியம் மெஸ் வரிசையில் தட்டோடு நின்ற மனோரஞ்சிதம் அம்மாவின் பின்னால் போய் நின்றான். அவர் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். பைபிளின் பழைய கையெழுத்து ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடத்தைத் தேடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"அம்மா, வெள்ளிக்கிழமைக்கு வேற பகுதி எடுத்துக்கட்டுமா?"

"ஏன் தவசிங்?"

"இது ரொம்பப் பழைய ஏடுகள்ல இல்லம்மா. பின்னாடி யாரோ சேத்திருக்காங்க. நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

"ஆமா. சரியாத்தான் படிச்சிருக்க."

தவசிங்குக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"வேற என்ன பாத்த?" என்று கேட்டார்.

"சில ஏடுகள்ல யோவான் சுவிசேஷத்துக் கடைசியில ஒட்டியிருக்கு. சிலதுல லூக்காவுல போய் நிக்குது. நிலையா ஒரு இடமே இல்லம்மா."

"பாவம், எங்கெல்லாம் அலைஞ்சிருக்கு" என்றார் அம்மா. பிறகு சமையல்காரரிடம், "அப்பளம் இன்னொண்ணு வைங்க" என்றார்.

"அப்ப விட்டுடலாமாம்மா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தார். 'தட்டுகளை வெளியே கொண்டுபோகக் கூடாது' என்று அங்கே ஒரு பலகை தொங்கியது. அதை எழுதியவனும் தவசிங்தான்.

அம்மா புங்கமரத்தடியில் உட்கார்ந்தார். கிளாட்வின் பதறி எழுந்தான்.

"அம்மா, நான் உள்ள வரக் கூடாதும்மா."

"நான் வெளிய வரலாம்ல? உக்காரு." அப்பளம் ஒன்றை அவன் பன்மேல் வைத்தார். "என்ன கருவாடுப்பா அது?"

"நெத்திலிம்மா. வீட்டுலருந்து குடுத்துவிட்டாங்க."

"அதான் என் வீடு வரைக்கும் மணந்துச்சு."

கிளாட்வின் பல நாளைக்குப் பிறகு சிரித்தான். தவசிங் தன் தட்டோடு வாசற்படியில் நின்றான். உள்ளே போகவும் மனமில்லை, இறங்கி வரவும் கால் வரவில்லை. கொஞ்சம் கோபமும் வந்தது.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே."

"கேளு."

"மூலத்துல இல்லாத கதைய உள்ள கொண்டுவந்தது யாரும்மா? அவனுக்கு யாரு உரிமை குடுத்தா?"

அம்மா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"யாருன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது தவசிங். கை தவறி வந்த பிழைன்னும் சொல்ல முடியாது, அவ்வளவு நீளம். எனக்குப் பட்டதைச் சொல்றேன். அந்தப் பொண்ணு வெளிய நிக்கையில, அவளை உள்ள கொண்டுவந்த மனுஷனுக்கு உள்ள உக்காந்து சாப்பாடு எறங்கியிருக்காது."

தவசிங் தன் தட்டைப் பார்த்தான். அதைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனான். காலித் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றான்.

"இது யாருக்கு தம்பி?" என்று சமையல்காரர் கேட்டார்.

தவசிங் வெளியே புங்கமரத்தடியைக் கண்ணால் காட்டித் தட்டை நீட்டினான்.