லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே

"டீச்சர், இந்தப் பயம் எப்போ போகும்?"

இசக்கிமுத்து கேட்டதும் ரெஜினா கரண்ட் பார்க்கும் மீட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவளுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அவரோ தலை நரைக்கும்வரை வயரிங் வேலை பார்த்தவர். போன ஆடியில் அவருடைய கூட்டாளி, லைனை ஆஃப் பண்ணியாச்சு என்று யாரோ சொன்னதை நம்பிக் கையை வைத்தான். பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து கம்பியைக் கண்டால் இவருக்குக் கை உதறும். முதலிலிருந்து சொல்லிக்கொடு தாயி என்று, எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொடுக்கும் அவளிடம் வந்து நின்றார்.

இன்றைக்கு இருவருக்கும் ஐஸ் கம்பெனியில் வேலை. குளிர் அறைக் காத்தாடிக்குப் போகும் வயர் கருகிக் கிடந்தது.

"ஃபியூஸைப் பிடுங்கியாச்சு. சீக்கிரம் பாருங்க, உள்ள மீன் கிடக்கு" என்றார் முதலாளி.

இசக்கிமுத்து மீட்டரின் ஒரு முனையைக் காத்தாடி லைனில் வைத்தார். மறுமுனையை எர்த்தில் வைத்தார்.

சைபர்.

"அதான் இல்லன்னு காட்டுதே. பிறகென்ன?" என்றார் முதலாளி.

இசக்கிமுத்துவின் கை முன்னால் போகவில்லை. திரும்பி ரெஜினாவைப் பார்த்தார். அவள் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் லைனில் முனையை வைத்தார். மறுமுனை அதே எர்த்தில்.

அங்கேயும் சைபர்.

பல்பு நன்றாகத்தான் எரிந்தது.

இசக்கிமுத்து மீட்டரைத் திருப்பிப் பார்த்தார். ஒரு வயர், சொருகிய இடத்தில் லொடலொடவென்று ஆடியது. அழுத்திச் சொருகினார்.

பல்பு லைனில் இருநூற்று முப்பது வோல்ட்.

காத்தாடி லைனுக்குப் போனார்.

இருநூற்று முப்பது.

முதலாளி பிடுங்கியது பக்கத்து ஃபியூஸ். ஓடிப்போய்ச் சரியானதைப் பிடுங்கிக் கையோடு கொண்டுவந்தார்.

இசக்கிமுத்து மறுபடி வைத்தார். சைபர். பல்பு லைனில் வைத்தார். இருநூற்று முப்பது. திரும்பவும் காத்தாடி லைன். சைபர்.

முதலாளி பிடுங்கிய ஃபியூஸைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"டீச்சர், இன்னும் உதறுதே" என்றார் இசக்கிமுத்து. "இவ்வளவு பார்த்த பிறகும் இந்தக் கை அடங்க மாட்டேங்குதே."

ரெஜினா அருகில் வந்தாள்.

"அளந்து பார்த்த அந்தக் கை என்ன சொல்லுது அண்ணாச்சி? கரண்ட் இருக்கா, இல்லையா?"

"இல்ல டீச்சர்."

அவர் வாய் மூடுவதற்குள் ரெஜினா காத்தாடிக் கம்பியை வெறுங்கையால் பற்றிக்கொண்டாள்.

"பிளையரைக் கொடுங்க."